பொதிகை மலையில் சாவி யார் கையில்? பழங்குடிகளுக்கு டிஜிட்டல் திறன் என்றால் என்ன

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிக்காரர்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைத்தான் தேடுவார்கள். பாபநாசம் இன்று எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி. பாபநாசத்துக்கு முழு உயரம் 143, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பிசான நெல் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

அந்த எண்தான் தரவு. டேட்டா என்று தினமும் காதில் விழுகிற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஒருவர் அணையில் அளக்கிறார், பதிகிறார், அது ஊருக்கு வந்து சேருகிறது, அதைப் பார்த்து ஒரு விவசாயி முடிவெடுக்கிறார். அளப்பது, பதிவது, அனுப்புவது, முடிவெடுப்பது. கம்ப்யூட்டர், செல்போன், செயற்கை நுண்ணறிவு என்று எத்தனை பெயர் வந்தாலும் அடியில் ஓடுவது இந்த நான்கு வேலைதான். இந்த நான்கையும் ஒரு சமூகம் தானே செய்துகொள்ள முடிந்தால் அதற்கு டிஜிட்டல் திறன் இருக்கிறது என்று சொல்லலாம். நான்காவது வேலை மட்டும் அடுத்தவர் கையில் இருந்தால், எத்தனை செல்போன் இருந்தாலும் அது இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

சரி, இதைப் பாபநாசம் அணைக்குப் பக்கத்திலேயே நின்று பார்ப்போம். அங்கே காணிக்காரர்கள் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், காரையாற்றைச் சுற்றி, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு என்று அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. இஞ்சிக்குழி இன்னும் உள்ளே, அணைக்கு அப்பால். மரவள்ளிக்கிழங்கு, மிளகு, தேன் இவைதான் நமக்குத் தெரிந்த காணி விளைச்சல். எங்கள் ஆச்சி ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால் மலைத்தேன் வாங்காமல் திரும்ப மாட்டாள். தேன் கொண்டுவந்தவரிடம் அரை மணி நேரம் பேசுவாள். இது எந்தப் பூவில் எடுத்தது, எந்த மாதம் எடுத்தது என்று அவர் ஒவ்வொரு புட்டிக்கும் தனித்தனியாகச் சொல்வார். சின்ன வயதில் அது எனக்கு வியாபாரப் பேச்சாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அந்த மனிதர் தலைக்குள் ஒரு பெரிய தரவுத்தளமே இருந்திருக்கிறது. பூ, மாதம், பாறை, மழை, தேனின் நிறம், எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்து.

ஆகவே பழங்குடிகளுக்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுப்பது என்றால் ஒன்றும் தெரியாதவர்களுக்குப் புதிதாக ஏதோ ஊற்றுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். அறிவு ஏற்கெனவே இருக்கிறது. அது எந்தப் பாத்திரத்தில் இருக்க வேண்டும், அந்தப் பாத்திரத்துக்குச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் சிக்னல்

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடில் கட்டித் தங்கப் போகிற நாம், இரண்டு மூன்று நாள் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அது வருடம் முழுவதும்.

காரணம் எளிது. செல்போன் அலை பெரும்பாலும் நேராகப் போகும். நடுவில் மலை நின்றால் அதன் பின்புறம் நிழல் விழுவது போல அலைக்கும் நிழல் விழுகிறது. மழைக்காட்டின் ஈர இலைகள் மிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரு கோபுரம் நட்டால் போதாது, அதற்கு மின்சாரம் வேண்டும், கீழே இருந்து கேபிளோ இன்னொரு கோபுரத்தின் இணைப்போ வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் ஒரு பள்ளம் தோண்டவே அனுமதி வேண்டும். வீடுகளோ கொஞ்சம். லாபம் பார்க்கிற நிறுவனம் ஏன் வரப்போகிறது?

இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு, காட்டுக்குள் வாழும் மக்களுக்காகச் சில வசதிகளை அமைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. அதே பட்டியலில் தொலைத்தொடர்புக் கம்பிகளும் இருக்கின்றன. மரபுசாரா எரிசக்தியும், தொழிற்பயிற்சி மையமும்கூட இருக்கின்றன. கம்பியும் சூரிய மின்சாரமும் கற்றுக்கொள்ள ஒரு கூடமும், மூன்றுக்கும் ஒரே சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவைத் தட்ட வேண்டியது கிராம சபை. ஒரு குடியிருப்பில் நான்கு இளைஞர்கள் இந்தப் பிரிவைத் தமிழில் படித்து, கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தெரிந்துவைத்திருந்தால், அதையும் நான் தொழில்நுட்பத் திறன் என்றே கணக்கில் சேர்ப்பேன்.

மெக்சிகோவில் ஓஹாகா மலைப்பகுதியில் தலேயா தே காஸ்த்ரோ என்று ஒரு பழங்குடிக் கிராமம் இருக்கிறது. ஆள் குறைவு என்று பெரிய நிறுவனங்கள் வர மறுத்த பிறகு, 2013இல் ஊரே சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன செல்போன் வலையை நிறுவியது. நம் நாட்டில் செல்போன் அலைவரிசைக்கு உரிமம் வேண்டும், அதனால் அதை அப்படியே இங்கே செய்ய முடியாது. ஆனால் வைஃபை அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. இதைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்கிறேன்.

பயன்படுத்துவது

அடுத்த படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அரசும் தொண்டு அமைப்புகளும் பயிற்சி என்று நடத்துவது பெரும்பாலும் இதைத்தான். ஸ்மார்ட்போனை இயக்குவது, படிவம் நிரப்புவது, பணம் அனுப்புவது.

இதிலும் காட்டுக்குள் இருக்கும் சிக்கல் வேறு. வங்கி ஓ.டி.பி. அனுப்புகிறது, சில நிமிடம்தான் அது செல்லும். சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று எண்ணைப் பார்த்துவிட்டு, விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் ஆளிடம் வந்து சேர்வதற்குள் அது காலாவதியாகிவிடும். கிழங்கு தோண்டித் தேய்ந்த விரலை ஆதார் கருவி ஏற்காது. கருவிழியை வைத்தும் சரிபார்க்கலாம் என்ற ஏற்பாடு ஆதாரில் உண்டு என்பது தெரிந்தவர் அதைக் கேட்டு வாங்குகிறார், தெரியாதவர் திரும்பி நடக்கிறார். பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, அது இப்போது யார் மேசையில் நிற்கிறது என்று எண்ணைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தால், மலையிறங்கி இரண்டு பஸ் மாறுகிற நாளும் கூலியும் மிச்சம்.

இவையெல்லாம் வேண்டும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதோடு நின்றுவிட்டால் காணிக்காரர்கள் யாரோ செய்த செயலியின் வாடிக்கையாளர்களாக மட்டும் இருப்பார்கள்.

செய்வது

சத்தீஸ்கரில் 2010இல் சிஜிநெட் ஸ்வரா என்று ஒன்று தொடங்கியது. இணையம் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, சாதாரண பட்டன் போன் போதும். ஒரு எண்ணுக்கு அழைத்து, கோண்டி மொழியிலோ இந்தியிலோ தன் ஊர்ச் செய்தியைப் பேசிப் பதியலாம். மற்றவர்கள் அதே எண்ணில் அதைக் கேட்கலாம். கோண்டி பேசுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருந்தும் அந்த மொழியில் செய்தி கேட்க வழியில்லாத நிலை. அங்கே பழங்குடிகள் தாங்களே செய்தியாளர்கள் ஆனார்கள். பம்பு ஓடவில்லை, கூலி வரவில்லை என்று ஒருவர் பேசிப் பதிந்தால், கேட்கிறவர்கள் சம்பந்தப்பட்ட அதிகாரியை அழைத்து விசாரிப்பார்கள்.

இதன் அருமை என்னவென்றால், இருக்கிற கருவிக்குத் தகுந்தபடி யோசித்தார்கள். டவுனில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் வைக்கவில்லை.

காரையாற்றில் இதுபோல் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சீட்டுக்கட்டு அளவுக்கு ராஸ்பெர்ரி பை என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கிடைக்கிறது. செல்போன் சார்ஜர் கொடுக்கிற அளவு மின்சாரம் போதும், கூரையில் ஒரு சின்ன சோலார் பலகையும் பேட்டரியும் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும். அதில் வைஃபை இருக்கிறது. முன்னால் சொன்ன உரிமம் தேவையில்லாத அலைவரிசை இதுதான். பக்கத்தில் நிற்கிற போன்கள் எல்லாம் அதோடு இணையலாம், வெளி இணையம் துளிகூட இல்லாமல். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அதற்குள் இறக்கிவிடலாம். பாடப்புத்தகங்கள், அரசுப் படிவங்கள், ஊர்க்காரர்கள் பேசிப் பதிந்த ஒலிகள், எல்லாம் அந்தப் பெட்டியில். மாதம் ஒரு முறை யாராவது கீழே அம்பாசமுத்திரம் போகும்போது புதியதை ஏற்றிக்கொண்டு வந்தால் போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் போன் வேலை செய்யாமல் நாம் தவித்தது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. வெளி இணையத்தை நம்பாமல் ஊருக்குள்ளேயே ஓடுகிற ஒரு சின்ன வலை என்ன பெறும் என்று அன்றைக்குத் தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெட்டியை வெளியூர்க்காரர் செய்து கொடுத்துவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் தூசி படிந்துவிடும். எறும்பு ஏறும், பேட்டரி போகும், யாருக்கும் திறக்கத் தெரியாது. அதே பெட்டியை அங்கே படிக்கிற ஒரு பெண்ணும் பையனும் தாங்களே கழற்றி, மென்பொருள் ஏற்றி, மறுபடி மாட்டி ஓடவைத்திருந்தால் கதை வேறு. பயிற்சி என்பது என்னைப் பொறுத்தவரை திருப்புளியில்தான் தொடங்க வேண்டும்.

வைத்துக்கொள்வது

இதுதான் ரொம்ப முக்கியம், அதிகம் பேசப்படாததும் இதுதான். ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1987இல் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து அகத்தியர் மலையில், தாவரங்களைத் தேடிச் சில விஞ்ஞானிகள் நடந்தார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள், இவர்களுக்கோ மூச்சு வாங்கியது. அவர்கள் இடையிடையே ஏதோ சிறு காயை மென்றுகொண்டிருந்ததைக் கவனித்து விசாரித்தார்கள். அது குடிக்குள் இருக்கிற ரகசியம் என்று முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்பு உரிமை போனது. உரிமக் கட்டணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் பங்கு, அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடு. அதைப் பெற 1997இல் அவர்களுக்காக ஒரு அறக்கட்டளை பதிவானது.

உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று எழுதினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ரகசியம் வெளியே வந்தது 1987, பங்கு பேசியது எட்டு வருடம் கழித்து, வாங்க ஒரு அமைப்பு வந்தது பத்து வருடம் கழித்து. ஒரு சிலர் சொன்னதை எல்லோருடைய சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று காணிக்காரர்களுக்குள்ளேயே கேள்வி எழுந்தது.

அன்றைக்கு ஒரு ரகசியம் வெளியே வர மலை ஏறி, பேசி, நம்பிக்கை பெற்று, செடியைப் பறித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு செல்போன் படம் போதும். நாம் எடுக்கிற படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கலாம். ஒரு பையன் அபூர்வமான மூலிகையையோ தேன்பாறையையோ ஆசையாகப் படமெடுத்து மூலக் கோப்பாகவே யாருக்காவது அனுப்பினால், அதோடு வழியும் சேர்ந்து போகிறது. வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த இடக்குறி உதிர்ந்துவிடும், டாக்குமென்ட் என்று அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். இந்த ஒரு வித்தியாசம் ஒரு காட்டுச் செடியின் ஆயுளைத் தீர்மானிக்கலாம். உயிரினங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களே அழிவில் இருக்கும் இனங்களின் இடத்தை மங்கலாக்கித்தான் காட்டுகின்றன.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். வன உரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவு மரபறிவின் மீதும் அறிவுச் சொத்தின் மீதும் சமூகத்துக்குக் கூட்டு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் 2023இல் வந்த டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி மனிதரின் சொந்த விவரங்களைப் பற்றியது. ஒரு குடி தலைமுறையாகச் சேர்த்த அறிவு ஆயிரம் பேருக்குப் பொதுவாக இருப்பதால், அது யாருடைய சொந்த விவரமாகவும் ஆகாது. இப்படிப்பட்ட இடைவெளியை நிரப்பத்தான் வேறு நாடுகளில் முன்பே பழங்குடித் தரவு உரிமை என்ற எண்ணம் பிறந்தது. தங்களைப் பற்றிய, தங்களிடமிருந்து எடுத்த தரவைச் சேர்ப்பதா வேண்டாமா, யார் பார்ப்பது, எங்கே வைப்பது, பலன் யாருக்கு என்பதை அந்தச் சமூகமே தீர்மானிப்பது. கனடாவின் பழங்குடிகள் 1998இலேயே இதை விதிகளாக வகுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு மக்கள் செய்தது எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அவர்களுடைய பழைய படங்கள், பாட்டுகள், சடங்குப் பதிவுகள் எல்லாம் டிஜிட்டலாக ஊர் திரும்பியபோது எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிடக் கூடாது என்றார்கள். சிலது ஒரு குடும்பத்துக்கு மட்டும், சிலது பெண்களுக்கு மட்டும், இறந்தவர் படம் கேட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த ஊர் வழக்கத்தையே மென்பொருளின் விதியாக எழுதினார்கள். அதற்கு முக்குர்த்து என்று பெயர். பெரியவர்கள் புனிதப் பொருள்களைப் போட்டுவைக்கும் பையின் பெயர் அது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

நியூசிலாந்தில் மாவோரி மக்களின் தே ஹிகு என்ற வானொலி, தங்கள் மொழியைப் புரிந்துகொள்ளும் பேச்சுக் கருவி செய்ய 2018இல் மக்களிடம் குரல் கேட்டது. பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தது. அந்தக் குரல்களை வெளி நிறுவனத்துக்கு விற்க மறுத்துவிட்டு, தங்கள் இளைஞர்களை வைத்தே கருவியைச் செய்தார்கள்.

காணிக்காரர்களின் பேச்சு தமிழோடும் மலையாளத்தோடும் நெருங்கியது, ஆனால் இரண்டும் இல்லை. தமிழில் பேசி எழுதவைக்கிற செயலிகள் நம் திருநெல்வேலிப் பேச்சுக்கே தடுமாறுகின்றன, அவர்கள் பேச்சுக்கு என்ன சொல்ல. கொக்கரை என்ற இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு, அவர்களுடைய பூசாரியான பிலாத்தி பாடுகிற சாற்றுப்பாட்டை யாராவது பதிந்து வைக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அது நோய்க்கும் தெய்வத்துக்கும் பாடுகிற பாட்டு. ஆகவே பதிய வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும். ஊர்த் தலைவரான மூட்டுக்காணியும் பெரியவர்களும் உட்கார்ந்து, இது ஊருக்குள் மட்டும், இது பிள்ளைகள் படிக்க, இது யார் கேட்டாலும் கொடுக்கலாம், இதைப் பதியவே வேண்டாம் என்று நான்காகப் பிரித்துச் சொன்னால், அந்தப் பிரிவுகளைப் பெட்டிக்குள் பூட்டாக எழுதுவதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். பெரியவருக்கு எதைப் பூட்ட வேண்டும் என்று தெரியும், பேத்திக்கு எப்படிப் பூட்டுவது என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும்.

கீழே இருக்கிற நமக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அடுத்த ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகிறவர்கள், பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்கு முன் போனில் கேமரா அமைப்பைத் திறந்து, இடம் பதிகிற பொத்தானை அணைத்துவிடுங்கள். தேன் வாங்கும்போது, படம் எடுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், எங்கள் ஆச்சி மாதிரி அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.